வாசற்படிக் கல்லும் கல்லெழுத்து ஆபீசரும்

அவர் என்னிடம் பேசிய முதல் சொல் ‘இறங்கு’ என்பதுதான். ஆனி மாதத்துக் காலை நேரம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஊர்ப் பனைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. நான் ஆலயத்தின் வாசற்படியில் நின்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஆலயமும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம். ஞாயிற்றுக்கிழமை சபை கூடும். மற்ற நாட்களில் நான் பாடம் நடத்துவேன். வில்வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, சரிகைக் கரை வேட்டி. பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு என் கால்களையே பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். அந்தக் காலத்தில் மேல்சாதிக்காரர் ஒருவர் இறங்கு என்றால் எங்கள் உடம்பு எங்களைக் கேட்காமலே இறங்கிவிடும். நாகர்கோவில் மிஷன் போர்டிங்கில் படித்து, பரீட்சை எழுதி, இருபத்துநான்கு வயதில் வாத்திச்சியாக வந்து நின்ற நானும் இறங்கித்தான் விட்டேன். இறங்கிய பிறகுதான் கோபம் வந்தது. அவரைப் பற்றி நான் எழுதுகிற எதிலும் அந்தக் கோபம் இருக்கும். மறைக்கப் போவதில்லை.

அவர் பார்த்தது என் கால்களை அல்ல, கால்களுக்குக் கீழே இருந்த கல்லை. ஆறடி நீளத்தில், இரண்டடி அகலத்தில், ஒரு முகம் முழுவதும் பழைய எழுத்துச் செதுக்கிய கல் அது. பெரிய குளத்தின் கரையில் முன்பு ஒரு கல்மண்டபம் இருந்ததாம். ஒரு பெருமழையில் கரை உடைந்து மண்டபம் சரிந்துவிட்டது. விழுந்து கிடந்த கற்களை ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்கள் மடைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் கொண்டுபோனார்கள். எங்கள் ஆட்கள் ஒரே ஒரு கல்லை மட்டும் எடுத்தார்கள். எடுத்தவர்களில் ஒருவர் என் பெரியப்பா. சபை மூப்பராக இருந்தவர். பன்னிரண்டு பேர் கயிறு கட்டி அந்தக் கல்லை இழுத்து வந்த கதையை அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். “நல்ல கல்லு வேற கெடந்து மக்களே. ஆனா நம்மள வித்த கல்லு இதுதாம்னு எங்க அப்பன் எனக்குக் காட்டித் தந்திருந்தாரு. அதுக்கு மேல சவிட்டிட்டுத்தான் கர்த்தருகிட்ட போணும்னு, எழுத்து மேல பாக்கும்படியா வச்சோம்” என்பார். சவிட்டுவது என்றால் எங்கள் ஊரில் மிதிப்பது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஆலயத்துக்குள் போகையில் அந்தக் கல்லில் ஒரு மிதி கூடுதலாக மிதித்துவிட்டுப் போவோம். பெரியவர்கள் யாரும் திட்டமாட்டார்கள். வயலோடு வயலாக ஆட்களையும் சேர்த்து விற்ற காலம் ஒன்று இருந்தது என்பதை நாங்கள் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. அந்தப் படியில் கால் வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

வந்தவர் திருவனந்தபுரத்திலிருந்து வந்த உத்தியோகஸ்தர். சமஸ்தானத்தில் எழுத்துள்ள கல் எங்கே கிடந்தாலும் அதைப் படித்துப் பதிவு செய்வது அவருடைய வேலை. எங்கள் ஊரில் அவரைக் கல்லெழுத்து ஆபீசர் என்றே சொல்வோம். பழைய கற்களை யாரும் உடைக்கவோ இடம் மாற்றவோ கூடாது என்று சர்க்கார் அப்போதுதான் உத்தரவு போட்டிருந்தது. அந்தக் காகிதத்தை விரித்து எனக்கு வாசித்துக் காட்டினார். அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். “ஏமானே, மடையில கெடக்கு, தொழுவத்துல கெடக்கு, அங்கெல்லாம் போய் வாசிச்சாச்சா?” என்று கேட்டார். ஆபீசர் அவருக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. “கல்லுக்குச் சாதி இல்லை, சட்டத்துக்கும் இல்லை” என்று பொதுவாகச் சொன்னார். அது அவருடைய வழக்கமான வாக்கியம் என்று பிறகு தெரிந்தது. பிறகு தன்னோடு வந்த பியூனிடம் கல்லைக் கழுவச் சொன்னார். பியூன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். ஏழு குடம். எங்கள் பெண்கள் எல்லாரும் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கால் பட்டதற்குத் தீட்டுக் கழிக்கிறார் என்று நினைத்தோம். ஈரத்தாளை ஒட்டி எழுத்தைப் படி எடுப்பதற்கு முன்னால் கல்லைக் கழுவித்தான் ஆகவேண்டும் என்பது பல வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் ஏழு குடம் வேண்டியதில்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

எழுத்தைப் படி எடுக்க அவரால் முடியவில்லை. கல்லின் மேல் ஈரத்தாளை விரித்து, பிரஷ்ஷால் அடித்து எழுத்துக் குழிகளுக்குள் இறக்கி, மேலே மையை ஒற்ற வேண்டும். எங்கள் ஊர்க் காற்று அதற்கு விடுமா. முதல் தாள் பனைமேட்டுக்குப் பறந்தது. இரண்டாவது தாள் கிழிந்தது. பியூன் குடையைப் பிடித்தான், குடை திரும்பிக்கொண்டது. நாற்பது பேர் சுற்றி நின்றோம், ஒருவரும் கை கொடுக்கவில்லை. மூன்றாவது தாளும் போன பிறகு அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஆலயத்துக்குள் நாங்கள் உட்காருகிற பெரிய ஓலைப்பாய்கள் சுருட்டி வைத்திருந்தன. அவற்றைக் கட்டி மறைத்தால் காற்று நிற்கும் என்று இருவருக்கும் தெரிந்தது. நான் சொன்னேன்: “பாய் தாறேன் சார். நீங்க அதுல என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்கு உரக்க வாசிச்சுச் சொல்லணும்.” நான் ஏமானே என்று சொல்லாமல் சார் என்றதை அவர் கவனித்தார். “இது பழைய எழுத்து, கேட்டா உங்களுக்கு விளங்காது” என்றார். “விளங்காட்டியும் காதுல விழட்டும்” என்றேன்.

பாய்களைக் கட்டினோம். மை காய்கிற நேரத்தில் அவர் கல்லின் ஓரத்தில் குந்தி, விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார். மேல் பாதி முழுவதும் ராஜாவின் பட்டங்கள். கல்லின் நடுவில் குறுக்காக ஒரு விரிசல் உண்டு. விரல் அந்த விரிசலைத் தாண்டியதும் அவர் குரல் தணிந்தது. குளத்தின் கீழே இத்தனை வயல், அந்த வயலுக்கு உரிய ஆட்கள் இன்னார் இன்னார் என்று பெயர் வந்தது. கண்டன், அவன் தங்கை நல்லி, நல்லி மகள் சாத்தி. இப்படி ஒன்பது பெயர். கடைசியில் கைக்குழந்தை ஒன்று, அதற்குப் பெயரில்லை. இவர்கள் வயிற்றில் பிறப்பவர்களும் சந்திரனும் சூரியனும் உள்ளவரை அந்த வயலுக்கே உரியவர்கள். இந்தக் கல்லுக்கு அழிவு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். விளங்காது என்று அவர் சொன்னது பலிக்கவில்லை. எங்களுக்கு எல்லாம் விளங்கியது. என் அம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. அம்மாவின் பெரியம்மாவுக்கு ஞானஸ்நானம் பெறும்வரை நல்லி என்றுதான் பெயர். அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பி, “ஏட்டி, அவுகளயா இத்தன நாளும் சவிட்டினோம்?” என்றாள்.

எங்களை விற்றவர்களை மிதிப்பதாக நினைத்து, விற்கப்பட்டவர்களின் பெயர்களை நாற்பது வருடம் மிதித்திருக்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா படியில் கால் வைக்காமல் தாண்டிப் போனாள். பின்னால் வந்த பெண்களில் பாதிப்பேர் தாண்டினார்கள். பெரியப்பா எல்லாரும் பார்க்க, கல்லின் நடுவில் இரண்டு காலையும் ஊன்றி நின்றார். “பேரு இருந்தா என்ன? மாட்டுக்குச் சூடு வைக்கமாட்டானா, அதுமாதிரிப் போட்ட பேரு. அது விக்கிற சீட்டு. சவிட்டுங்க” என்றார். தாண்டினவர்களும் மிதித்தவர்களும் ஒருவரோடொருவர் பேசாமல் மூன்று ஞாயிறு ஆராதனை நடந்தது. கல்யாணம் பேசி வைத்திருந்த ஒரு வீடு அதில் பிரிந்தது. நான் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைத் தூக்கிப் போட ஓர் இடம் வேண்டியிருந்ததால், வாசித்துச் சொன்ன மனிதர் மேல் போட்டேன். கேட்டவள் நான்தான், ஆனாலும் அவரைத்தான் வெறுத்தேன். இன்னொன்றும் என்னை உறுத்தியது. ஒன்பது பெயரில் எனக்கு நினைவில் நின்றது மூன்றுதான். அந்தப் பதற்றத்தில் எழுதிவைக்கத் தோன்றவில்லை. மற்ற ஆறு பேரும் அந்த எழுத்துக்குள்ளேயே இருந்தார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

நான்காவது வாரம் அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை மாட்டுவண்டி, எட்டுக் கூலியாட்கள், நான்கு போலீஸ்காரர்கள். அந்தக் கல் சர்க்காரைச் சேர்ந்தது. மண்டபம் இடிந்துவிட்டபடியால் பக்கத்துக் கோயிலின் மதிலுக்குள் அதை நிறுத்திக் காக்க வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது என்றார். அந்தக் கோயிலின் வெளிவாசலுக்கு முன்னால் உள்ள தெருவில்கூட எங்கள் ஆட்கள் அப்போது நடக்கமுடியாது. மிதிக்கச் சொன்ன பெரியப்பாதான் முதலில் ஓடிவந்து கல்லின் மேல் படுத்தார். தாண்டிய அம்மா அவர் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். மூன்று வாரமாகப் பேசாதவர்கள் எல்லாரும் ஒன்றாக வந்து நின்றார்கள். ஆபீசர் உத்தரவை மூன்று தடவை வாசித்தார். பெரியப்பா படுத்தபடியே, “நாங்க சவிட்டுவோம், இல்ல கும்பிடுவோம். எங்க ஆளுக்க பேரு. ஒங்களுக்கு என்ன?” என்றார். “உங்க ஆட்கள் பேர் இருக்கிறதாலே கல் உங்களுடையது ஆகாது. இது சர்க்கார் சொத்து” என்றார் ஆபீசர். அவர் சொன்னதை நான் திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். கல்லில் இருந்த சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. போலீஸ்காரர்கள் பெரியப்பாவைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் புளியமரத்தடியில் போட்டார்கள். கடப்பாரைகள் இறங்கின. வண்டி கிளம்பும்போது நான் போய் வழியை மறித்து, அன்றைக்கு எடுத்த மைப்படியில் எங்களுக்கு ஒன்று வேண்டும், அது இல்லாவிட்டால் பெயர்களையாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். “மனு எழுதிப் போடு” என்றார். வண்டி போய்விட்டது. பத்து நாள் கழித்துச் சர்க்கார் செலவில் ஒரு புதுக் கல் வந்தது. நன்றாகக் கொத்தி வழவழப்பாக்கிய கல். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, “இதுல சவிட்டதுக்கு என்ன இருக்கு” என்றார். அதன் பிறகு சாகும்வரை பக்கவாசல் வழியாகத்தான் ஆலயத்துக்குள் போனார்.

மனு எழுதினேன். ஒன்றல்ல, பதினோரு மனு. முதல் மனுவுக்கு நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மைப்படி இலாகாவின் ஆவணம், வெளியாருக்குக் கொடுப்பதற்கில்லை, மனுதாரர் கல்லை அது நிறுத்தப்பட்டிருக்கும் இடத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கீழே அவர் கையெழுத்து. அழகான கையெழுத்து, கல்லில் வெட்டினதுபோல. அந்த இடத்துக்குள் போக எங்களுக்கு அனுமதியில்லை என்று எழுதினேன். அது இந்த இலாகாவின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயமல்ல என்று பதில் வந்தது. அப்படியானால் எங்களால் வரமுடியாத இடத்தில் அதை வைத்தது யார் அதிகாரம் என்று எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. இலாகாவின் அறிக்கைப் புத்தகம் அச்சாகி வந்தபோது, நாகர்கோவில் வாசகசாலையில் தேடிப் பிடித்துப் பார்த்தேன். எங்கள் கல்லுக்கு ஐந்து வரி கொடுத்திருந்தார்கள். நாலரை வரி ராஜாவைப் பற்றி. கடைசி அரை வரியில், வயலோடு சில அடிமைகளின் பெயர்களும் சொல்லப்படுகின்றன என்று இருந்தது. சில. அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டு வாசகசாலையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கதவடைக்க வந்தவர் எழுப்பி அனுப்பினார்.

பிறகு கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டு மகாராஜா விளம்பரம் செய்தார். எங்கும் கொட்டும் மேளமும். எங்கள் சொந்தத்தில் மிஷனில் சேராமல் இருந்த குடும்பங்களும் உண்டு. என் அத்தை மகன் அப்படி ஒரு வீட்டுக்காரர். குளத்தடி வயலில் கூலி வேலை செய்தவர். எழுத்து வாசனை இல்லாதவர். அவருக்கு வாசல் திறந்தது. எனக்குத் திறக்கவில்லை. முன்பு சாதியைச் சொல்லி நிறுத்தியவர்கள் இப்போது கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த வேதக்காரி என்று நிறுத்தினார்கள். அத்தான் முதல் நாளே குளித்து வேட்டி உடுத்து உள்ளே போனார். சாமியைப் பார்த்தாரோ என்னவோ, கல்லைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை. “கேட்டியா பிள்ளே, கல்லு நிக்குது. வேலி எல்லாம் போட்டிருக்கான். ஆனா பாதிக் கல்லுதான் வெளிய இருக்கு. குறுக்கே ஒரு விரிசல் உண்டில்லா, அது காணல. மண்ணுக்கு அடியில போயாச்சு” என்றார். படியாகக் கிடந்த காலத்தில் அந்த விரிசலில் விழுந்த காணிக்கை நெல்லை விரலால் நோண்டி எடுத்தவர் அவர். அவருக்குத் தப்பாது. விரிசலுக்கு மேலே ராஜா. விரிசலுக்குக் கீழே ஒன்பது பெயர். கல்லை நட்டு நிறுத்தும்போது கீழ்ப் பாதியைக் குழிக்குள் இறக்கிச் சுண்ணாம்பு போட்டு இறுக்கியிருந்தார்கள்.

ஆபீசருக்கு எழுதினேன். இதற்கு மட்டும் ஒரே வாரத்தில் பதில் வந்தது. கல் உறுதியாக நிற்பதற்குத் தகுந்த ஆழம் அவசியம். முக்கியமான பகுதி வெளியிலேயே இருக்கிறது. முக்கியமான பகுதி என்ற அந்தச் சொல்லுக்குத்தான் நான் அவரை மன்னிக்கவில்லை. அதற்குள் பழைய உத்தரவு முறையான சட்டமாக வந்திருந்தது. கோயில் வாசலுக்கு வெளியே, நான் நின்று படிக்கக்கூடிய இடத்தில், அதற்கு ஓர் எச்சரிக்கைப் பலகையும் அடித்திருந்தார்கள். காக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தாலும் கெடுத்தாலும் தண்டனை. அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: இது எங்களுக்கு எதிராக மட்டும்தானா வேலை செய்யும்? வாசகசாலையில் கெஜட்டை வாங்கி, சட்டம் முழுவதையும் கையால் எழுதிக்கொண்டேன். பிறகு ஒரு புகார் எழுதினேன். பாதுகாக்கப்பட்ட கல்வெட்டின் பாதியைச் சுண்ணாம்பில் புதைத்துப் படிக்கமுடியாமல் கெடுத்தவர் இன்னார் என்று அந்த ஆபீசருடைய உத்தியோகப் பெயரை எழுதினேன். அவருடைய இலாகாவுக்கு அனுப்பவில்லை. அதற்கு மேலே, திவானுடைய ஆபீசுக்கே அனுப்பினேன். எங்கள் சபைப் போதகரான ஐயர் பயந்துபோய், “உத்தியோகத்துக்கு ஆபத்து வந்துரும் மகளே” என்றார். வந்தால் வரட்டும் என்றேன். அப்போது எனக்கு நியாயம் கிடைக்கவேண்டும் என்பதைவிட அவர் தலை குனியவேண்டும் என்றுதான் ஆசை. இதை எழுதும் வயதில் அதை ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

விசாரணை நடந்தது. வேறொரு உத்தியோகஸ்தர் வந்து பார்த்தார். அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. சட்டத்தைப் படித்தவர், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் கல்லைத் தோண்டி எடுத்து, ஒரு மேடை கட்டி, எழுத்து முழுவதும் தெரியும்படி நிறுத்தினார்கள். கல்லில் உள்ளதை இக்காலத் தமிழில் எழுதிப் பக்கத்தில் ஒரு தகரப் பலகையும் வைத்தார்கள். புகாரில் நான் அதையும் கேட்டிருந்தேன். கிடைக்கும் என்று நம்பிக் கேட்டதல்ல.

பலகை வைத்த செய்தி வந்த அன்று மத்தியானம் அத்தானும் நானும் கோயிலுக்குப் போனோம். நான் தெருவில் நின்றேன். அத்தான் உள்ளே போய், கும்பிட வந்த யாரோ ஒருவரைக் கெஞ்சிப் பலகையை வாசிக்கச் சொன்னார். ஒரே தடவையில் ஒன்பது பெயரை மனதில் வைக்க அவருக்குப் பயம். மூன்றை மட்டும் கேட்டுக்கொண்டு, வாயை இறுக மூடி, யாரோடும் பேசாமல், தண்ணீர் சுமக்கிறவர்போல நடந்து வெளியே வந்தார். என் முன்னால் வந்ததும் மூன்றையும் இறக்கிவைத்தார். கண்டன், நல்லி, சாத்தி. எழுதிக்கொண்டேன். மறுபடி போனார். மல்லன், உலகி, பூவன். மறுபடி போனார். அந்தக் கடைசி நடையில் வாசித்துக் கொடுத்தவருக்குச் சலிப்பு வந்து, ஒனக்கு இதெல்லாம் எதுக்குடே என்று கேட்டாராம். “எங்க வீட்டு ஆளுக, கூட்டிட்டுப் போகணும்னு சொன்னேன்” என்றார் அத்தான். செந்தி, காளன், அழகி. பிறகு கொஞ்சம் தயங்கி, “கைக்குழந்தை ஒண்ணு. அதுக்குப் பேரில்லயாம்” என்றார். அதையும் எழுதினேன். வெயிலில் நின்று இரண்டு பேரும் அழுதோம். தெருவில் போனவர்கள் சாவு வீடு என்று நினைத்திருப்பார்கள்.

மறு வருடம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஆபீசர் வந்தார். உத்தியோகம் முடிந்துவிட்டது என்றார். கோட்டு இல்லை, தலைப்பாகை இல்லை. முடி முழுவதும் வெளுத்திருந்தது. பஸ்ஸில் வந்திருந்தார். எதற்கு வந்தார் என்று கேட்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. “என் சர்வீஸ் புஸ்தகத்திலே ஒரே ஒரு கண்டனம். அது உன்னாலே” என்றார். “கல்லுல எங்க பேரு, ஒங்க புஸ்தகத்துல என் பேரு. இருக்கட்டும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “நான் அதை எடுக்கலைன்னா இன்னும் முப்பது வருஷத்திலே உங்க காலிலே தேஞ்சு எழுத்தே போயிருக்கும். அது உனக்குத் தெரியும்” என்றார். எனக்குத் தெரியும். அதை நான் அவர் முன்னால் ஒப்புக்கொள்ளவில்லை. “எடுத்து நீங்க புதைக்கத்தானே செஞ்சிய” என்றேன்.

கொஞ்ச நேரம் புதுக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அந்தப் பலகையிலே ஒரு பிழை இருக்கு. ஏழாவது பேர் செந்தி இல்லை, சேந்தி. அந்த எழுத்திலே எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் போடமாட்டான். இந்தப் பக்கத்துப் பேர் தெரிஞ்சவன்தான் சரியாய் வாசிக்கமுடியும்” என்றார். நான் நம்பாமல் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கையில் காகிதம் எதுவும் இல்லாமல் சொன்னார்: “கண்டன். அவன் தங்கை நல்லி. நல்லி மகள் சாத்தி. மல்லன். உலகி. பூவன். சேந்தி. காளன். அழகி. கைக்குழந்தை ஒன்று.” ஒரு தடங்கல் இல்லை. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தவர்போலச் சொன்னார்.

“அன்னைக்கு வண்டிக்கு முன்னால நின்னு கேட்டேனே. அப்பவும் ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும்.”

“பின்ன ஏன் சொல்லல?”

அவர் நெடுநேரம் யோசித்தார். பொய் சொல்ல யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். “நீ கேட்ட மாதிரி அதுவரைக்கும் யாரும் எங்கிட்டே கேட்டதில்லை. சொல்லியிருந்தா உனக்குப் பயந்து சொன்ன மாதிரி ஆயிருக்கும்” என்றார். அவ்வளவுதான். ஆறு வருடம், பதினோரு மனு, ஒரு விசாரணை, பெயர்களை மறுபடி கேட்காமலே போய்ச் சேர்ந்த என் பெரியப்பா. எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். அவர் பஸ்ஸுக்கு நடந்து போனதை நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. உள்ளே போய், பட்டியலில் செந்தியை அடித்துவிட்டுச் சேந்தி என்று எழுதினேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்த நம்பிக்கையும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. சமஸ்தானம் போய், சட்டங்கள் மாறி, கோயில் வேறு இலாகாவின் கைக்குப் போயிருக்கிறது. நான் இன்னும் உள்ளே போய் அந்தக் கல்லைப் பார்க்கவில்லை. ஒரு பொட்டு வைத்துக்கொண்டு போனால் யாருக்குத் தெரியும் என்று பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். வேஷம் போட்டுக்கொண்டு கல்லில் இருப்பவர்கள் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகையன்று பிரசங்கம் முடிந்ததும் அந்தப் பெயர்களை நான் எழுந்து நின்று வாசிப்பது வழக்கமாகிவிட்டது. ஆரம்பத்தில் இவை அஞ்ஞானப் பெயர்கள் என்று ஓர் ஐயர் தடுத்தார். அவர் மாற்றலாகிப் போனார், பெயர்கள் இருக்கின்றன. எட்டுப் பெயரை என் அத்தானின் குரலில்தான் என் மனம் எனக்கு எடுத்துக் கொடுக்கும். வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்ற குரல். ஏழாவது பெயர் மட்டும் அந்த ஆபீசரின் குரலில் வருகிறது. எவ்வளவு முயன்றும் அதை மாற்றமுடியவில்லை. அந்த இடத்தில் நான் ஒரு நொடி நிற்கிறேன். துக்கம் அடைத்துவிட்டது என்று சபையார் நினைக்கிறார்கள்.